எஃகு ஃப்ரேம் பிஸ்டல்: ப்ரொடக்‌ஷன் பிரிவுக்கு ஷேடோ 2 சரிப்படுமா?

வெண்பா (மெல்பர்ன்)

எல்லோருக்கும் வணக்கம். கிளப்பில் ஐபிஎஸ்சி (நகர்ந்துகொண்டே நேரத்துக்கு எதிராகச் சுடும் பிஸ்டல் போட்டி) ப்ரொடக்‌ஷன் பிரிவில், அதாவது பெரிய மாற்றம் செய்யாத பிஸ்டல்களுக்கான பிரிவில், சுடுகிறேன். இதுவரை கையில் இருப்பது கிளாக் 17, பாலிமர் (பிளாஸ்டிக்) ஃப்ரேம், அதாவது பிடியோடு கூடிய அடிச்சட்டம். இப்போது கிளப்பில் ஒருவர் வேறு பிரிவுக்கு மாறுவதால் தன்னுடைய சி.இசட். ஷேடோ 2ஐ விற்கிறார். முழுக்க எஃகு. வாங்குவதற்கு முன்னால் ரேஞ்சில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுட்டுப் பார்க்கலாம் என்கிறார்.

ஒருமுறை கையில் வாங்கி ஒரு மேகசின் சுட்டேன். இரண்டாவது குண்டு போகும்போது முன் சைட் (குறிபார்க்கும் முனை) இருந்த இடத்திலேயே இருந்த மாதிரித் தோன்றியது. அந்த உணர்வை மட்டும் நம்பி இவ்வளவு பணம் போடத் தயக்கமாக இருக்கிறது. என் கை சிறியது. முதல் குண்டுக்கு டபுள் ஆக்‌ஷன் ட்ரிகர் (ஒரே இழுப்பில் ஹேமர் என்ற சுத்தியைப் பின்னால் தூக்கி அடிக்கவும் வைக்கும் நீண்ட இழுப்பு) எட்டுகிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

என் கேள்வி இதுதான். போட்டிக்கு ஒரு எஃகு பிஸ்டலை எடை போட என்னென்ன பார்க்க வேண்டும்? பெஞ்சில் வைத்துச் சுட்டுப் பார்ப்பதா, டைமர் வைத்துப் பார்ப்பதா, எதை முதலில் செய்வது?

கருவேலன் (சிட்னி)

வணக்கம் தங்கச்சி. நல்ல கேள்வி. கனபேர் இதைக் கேளாமலே காசைக் கொடுத்துவிட்டு வந்து நிற்பினம்.

முதலில் இந்தத் துவக்கை, அதாவது இந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம். ஷேடோ 2 வந்தது 2016இல். அதன் அடி வேர் 1975ஆம் ஆண்டின் சி.இசட். 75. செக் நாட்டில் உஹெர்ஸ்கி ப்ரோட் என்ற ஊரில் யோசெஃப், ஃப்ரான்டிஷெக் என்ற கவுட்ஸ்கி சகோதரர்கள் வடிவமைத்தது. மற்றப் பெரும்பாலான பிஸ்டல்களில் ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல் பகுதி) ஃப்ரேமுக்கு வெளியே கவ்விக்கொண்டு ஓடும். இதில் ஸ்லைடு ஃப்ரேமின் உட்பக்கத்தில் ஓடுகிறது. அதால் ஸ்லைடு சிறியது, இலேசானது. கையும் குழலுக்குக் கிட்ட மேலே ஏறி உட்காரும்.

ஷேடோ 2 வெற்று மேகசினோடு 1330 கிராம். உங்கள் கிளாக் 700 கிராமை ஒட்டி வரும். ஆனால் எடை எவ்வளவு என்பதைவிட எடை எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். குழலுக்குக் கீழே முன்பக்கம் வரை நீளும் ஃப்ரேம் பகுதி முழுக்கக் கனத்த எஃகு. முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடு இலேசு, ஓடாமல் நிற்கிற ஃப்ரேம் கனம். நீங்கள் சொன்ன "முன் சைட் இருந்த இடத்திலேயே இருந்தது" என்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இன்னொன்று. இணையத்தில் குழல் நீளம் 119.5 மில்லிமீட்டர் என்று பார்ப்பீர்கள். எங்கள் நாட்டுச் சட்டப்படி அரைத் தானியங்கிக் கைத்துவக்குக்குக் குறைந்தது 120 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இங்கே விற்பனைக்கு வருவது அந்த வரம்பைத் தாண்டிய குழலோடு வரும் வடிவம். கிளப் ஆள் முறையாகப் பதிந்து வைத்திருக்கிறார் என்றால் இதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஐபிஎஸ்சி ப்ரொடக்‌ஷனில் குழலின் மேல் வரம்பு 127. அதற்குள்தான் இருக்கும்.

செந்தில்_டாலஸ்

கருவேலன் அண்ணா சொன்ன எடைக் கணக்கை எண்ணில் போட்டுப் பார்ப்போம்.

124 கிரெயின் குண்டு, அதாவது ஏறக்குறைய 8 கிராம், நொடிக்கு 320 மீட்டர் வேகம். பவர் ஃபேக்டர், அதாவது குண்டின் எடையும் வேகமும் சேர்ந்த வலு அளவு, 130 வரும். மைனர் என்ற குறைந்த வலு வகைக்கு வேண்டியது 125. குண்டின் உந்தமும் வெளியேறும் வாயுவின் உந்தமும் சேர்ந்து ஏறக்குறைய 2.9 கிலோகிராம் மீட்டர்/நொடி. ஆஸ்திரேலியாவில் உங்களுக்கு மேகசினில் 10 குண்டுதான், அதற்கு 120 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷேடோ 2 மொத்தம் 1.45 கிலோ, கிளாக் 0.82 கிலோ. பின்னோக்கி வரும் ஆற்றல் ஷேடோவில் 2.9 ஜூல், கிளாக்கில் 5.1 ஜூல். கிட்டத்தட்ட பாதி.

ஆனால் இதை வைத்து "பாதி நேரத்தில் இரண்டாவது குண்டு போகும்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். இரண்டு குண்டுக்கு இடையிலான நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உங்கள் கண்ணும் பிடியும். நல்ல பிடி உள்ளவர் பாலிமரிலும் வேகமாகச் சுடுவார். எஃகு செய்வது என்னவென்றால், பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் அது மன்னித்துவிடும். ஸ்டேஜின் (போட்டியில் ஒரு சுற்றின்) கடைசியில், ஓடிவந்து மூச்சு வாங்கும்போது, ஒரு காலில் சாய்ந்து சுடும்போது அந்த மன்னிப்பு பெரிய விஷயம்.

வெண்பா

நன்றி செந்தில். அப்படியானால் இதை எப்படி அளப்பது? நான் டைமரில் பார்த்தால் வித்தியாசம் தெரியுமா?

கருவேலன்

தெரியும். ஆனால் எதை அளக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். தங்கச்சி, இந்த இடம்தான் முக்கியம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ப்ரொடக்‌ஷனில் எல்லோருக்கும் மைனர் மதிப்பெண்தான். இலக்கின் நடு மண்டலமான ஏ-க்கு 5, அதைச் சுற்றிய சி-க்கு 3, வெளியோர டி-க்கு 1. மொத்தப் புள்ளியை நேரத்தால் வகுத்தால் ஹிட் ஃபேக்டர். 24 குண்டு மீடியம் ஸ்டேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 இலக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு. எஃகு துவக்கு ஒவ்வொரு ஜோடியிலும் உங்களுக்கு 0.04 நொடி மிச்சம் பிடித்துத் தருகிறது என்று வைப்போம். 12 ஜோடிக்கு ஏறக்குறைய அரை நொடி. ஹிட் ஃபேக்டர் 6இல் சுடுகிறவருக்கு அரை நொடி என்பது 3 புள்ளி.

இப்போது முதல் குண்டைப் பாருங்கள். ஷேடோ 2 ஹேமர் கீழே இறங்கிய நிலையில் உறையிலிருந்து வரும். முதல் இழுப்பு டபுள் ஆக்‌ஷன், நீளம், கனம். அந்த ஒரு இழுப்பில் துவக்கு ஆடி, ஏ போக வேண்டிய குண்டு டி-க்குப் போனால் 4 புள்ளி போச்சு. அந்த ஸ்டேஜ் முழுக்க எஃகு சம்பாதித்துக் கொடுத்ததைவிட அது கூட.

அதனால் நான் எவருக்கும் சொல்வது: இந்த வகைத் துவக்கை மதிப்பிடுவது என்றால் முதல் குண்டை மதிப்பிடுவதுதான். ரீகாயில் (பின்னுதைப்பு) நல்லாயிருக்கும், அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை, அதைச் சோதிக்க நேரம் செலவழிக்கத் தேவையுமில்லை. உங்கள் கைக்கு அந்த டபுள் ஆக்‌ஷன் இழுப்பு வசப்படுகிறதா என்பதற்கே உங்கள் நேரத்தில் முக்கால்வாசியைக் கொடுங்கள்.

மாறன்_பெர்த்

கருவேலன் சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. முதல் குண்டு ஒரு ஸ்டேஜுக்கு ஒன்றுதான். மீதி 23 குண்டும், ஹேமர் ஏற்கெனவே பின்னால் நிற்பதால், சின்ன இழுப்புள்ள சிங்கிள் ஆக்‌ஷன். டபுள் ஆக்‌ஷனைப் பழகிக்கொள்ளலாம், டிரை ஃபயரில் (குண்டில்லாமல் ட்ரிகரை இழுத்து) செலவில்லாமல் பழகலாம். ஆனால் கனத்தைப் பழகிக் குறைக்க முடியாது. எனக்கு ஷேடோவில் பெரிய சிக்கலே இலக்கு மாற்றும்போதுதான். 1330 கிராமை ஒரு இலக்கிலிருந்து அடுத்த இலக்குக்குத் தள்ளுவது சுலபம். அங்கே போனதும் நிறுத்துவதுதான் பாடு. இடைவெளி அதிகமான இலக்குகளில் முன் சைட் ஏ-யைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். எடை முன்பக்கம் இருப்பதால் இது கூடுதலாகத் தெரிகிறது. கருவேலன் புகழ்ந்த அதே முன் எடைதான்.

கிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. வெண்பா, அகலமாக வைத்த இலக்குகளில் இரண்டையும் கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருவேலன்

மாறன், இலக்கு மாற்றம் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதையும் சோதனையில் சேர்க்க வேண்டும். ஆனால் தோளையும் கையையும் இறுக்கிக்கொண்டு துவக்கைத் தள்ளுகிறவர்களுக்குத்தான் அது தாண்டிப் போகும். கண் முதலில் அடுத்த இலக்கின் நடுவுக்குப் போய், துவக்கு பின்னால் வந்தால் அந்தத் தாண்டல் கனக்கக் குறையும். இதுவும் டிரை ஃபயரில் பழகக்கூடியதே. முதல் குண்டு பழகக்கூடியது என்றால் இதுவும் அப்படித்தானே.

என் வாதம் வேறு. பழகலாமா இல்லையா என்பது கையின் அளவைப் பொறுத்தது. விரல் எட்டாத கைக்கு டபுள் ஆக்‌ஷனை எவ்வளவு பழகினாலும் பிடியைத் திருப்பித் திருப்பித்தான் பிடிக்க வேண்டி வரும். தங்கச்சி சிறிய கை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மாறன்_பெர்த்

சரி, கை எட்டாத விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அங்கே பழக்கம் உதவாது.

வெண்பா

இரண்டு பேருக்கும் நன்றி. விரல் எட்டுகிறதா என்பதைச் சரியாகப் பார்ப்பது எப்படி? ட்ரிகரைத் தொட முடிகிறது. அது போதுமா?

நிலா_ஆக்லாந்து

போதாது அக்கா. எனக்கும் சிறிய கைதான், அதனால் இதைச் சொல்கிறேன். இப்படிச் செய்து பாருங்கள்.

பிஸ்டல் காலி என்று நீங்களும் பார்த்து, பக்கத்தில் இன்னொருவரும் பார்த்த பிறகு, குண்டுத் தடுப்பு மேட்டைப் பார்த்து நில்லுங்கள். போட்டியில் பிடிப்பது போலவே இரண்டு கையாலும் பிடியுங்கள். ஹேமர் கீழே. இப்போது ட்ரிகரில் விரல் வைக்கும்போது கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை பிடியின் பின்பக்கத்திலிருந்து நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கை எட்டவில்லை என்று அர்த்தம். விரலின் நுனி மட்டும் ட்ரிகரைத் தொட்டாலும் அதே கதைதான். நுனியால் இழுத்தால் பிஸ்டல் பக்கவாட்டில் தள்ளப்படும். முதல் மூட்டுக்கும் நுனிக்கும் நடுவில் இருக்கும் சதைப்பகுதி ட்ரிகரில் உட்கார வேண்டும்.

அப்புறம் முன் சைட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இழுங்கள். ஹேமர் விழும் வரை முன் சைட் எங்கே போகிறது என்பது மட்டும்தான் வேண்டும். அதையே டைமர் பீப்புக்கு வேகமாக இழுத்துப் பாருங்கள். மெதுவாக இழுக்கும்போது நின்ற சைட், வேகமாக இழுக்கும்போது இடப்பக்கம் துள்ளினால், பிடியில் ஏதோ சரியில்லை.

ஷேடோ 2இல் வருகிற அலுமினியப் பிடித் தகடுகள் ஏற்கெனவே மெலிந்தவைதான். ட்ரிகரை மாற்றி, கைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நிற்கும்படி செய்யலாம். அதை வாங்கின பிறகு யோசியுங்கள். ஆனால் ஒன்று, இப்போது விற்கிறவர் போட்டிருக்கும் ட்ரிகர் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ப்ரொடக்‌ஷனில் அனுமதிக்காத பாகம் இருந்தால் போட்டியில்தான் தெரியவரும்.

ஸ்லைடு பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே ஓடும் ஸ்லைடு என்பதால் விரலால் பிடிக்க மேலே கொஞ்சம் இடம்தான் இருக்கும். வியர்த்த கைக்கு வழுக்கும். ஹேமரை முதலில் பின்னால் இழுத்துவிட்டு ஸ்லைடை இழுத்தால் பாதிச் சிரமம்தான்.

செந்தில்_டாலஸ்

நிலா சொன்ன ட்ரிகர் விஷயத்தோடு இதையும் சேருங்கள். ஐபிஎஸ்சி ப்ரொடக்‌ஷனில் இந்த வகைப் பிஸ்டலுக்கு முதல் குண்டின் இழுப்பு குறைந்தது 2.27 கிலோ இருக்க வேண்டும். பழைய ஷேடோ 2களில் பலர் ஹேமர் ஸ்பிரிங்கை மென்மையாக மாற்றியிருப்பார்கள். இழுப்பு மென்மையாக இருப்பது நல்லதுதான், ஆனால் இரண்டு இடத்தில் கடி வரும். ஒன்று, 2.27க்குக் கீழே போனால் ப்ரொடக்‌ஷனில் இடமில்லை. இரண்டு, ஹேமர் மெதுவாக விழுவதால் கடினமான பிரைமர் (அடி பட்டதும் தீப்பற்றும், தோட்டாவின் அடியில் உள்ள பொட்டு) சில நேரம் வெடிக்காது. வாங்கும் முன் எடையைத் தொங்கவிட்டு இழுப்பைச் சோதியுங்கள், நீங்கள் போட்டியில் பயன்படுத்தும் அதே பிரைமரோடு சுட்டும் பாருங்கள்.

கருவேலன்

பழைய துவக்கு என்றபடியால் பார்க்க வேண்டியவை சிலது.

ஸ்லைடு ஸ்டாப்பை (ஸ்லைடை நிறுத்தும் நெம்பை) கழற்றிப் பாருங்கள். சி.இசட். 75 குடும்பத்தில் அதிகம் சுட்ட துவக்குகளில் அதை மாற்ற வேண்டிவரும் பாகமாகத்தான் எல்லோரும் கருதுவார்கள். அதன் ஊசி போன்ற தண்டுப் பகுதியில் மெல்லிய கீறல் கண்ணில் பட்டால் மாற்ற வேண்டும். ட்ரிகர் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் அப்படித்தான். இரண்டையும் கூடுதலாக ஒன்று பையில் வைத்திருப்பது வழக்கம். விலை குறைவு.

ஸ்லைடைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம். துல்லியத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குழல் பூட்டும் இடம்தான். ஸ்லைடு மூடியிருக்கும்போது குழலின் பின்பகுதியை மேலேயிருந்து விரலால் அழுத்துங்கள். அது அமுங்கி ஆடினால் யோசிக்க வேண்டும்.

எத்தனை குண்டு சுட்டிருக்கிறார் என்று கேளுங்கள், ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். போட்டிக்காரர்கள் ஸ்பிரிங்கை ஒழுங்காக மாற்றுவார்கள். குறைவாகச் சுட்டும் ஒரு ஸ்பிரிங் கூட மாற்றாத துவக்கு அதைவிட மோசமாக இருக்கலாம். ரீகாயில் ஸ்பிரிங் எப்போது மாற்றினார், என்ன வலு போட்டார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு யோசிக்காமல் பதில் சொல்கிறவரின் துவக்கு பெரும்பாலும் நல்லதாயிருக்கும்.

பாரதி_25மீ (சென்னை)

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன், 25 மீட்டர் ஐஎஸ்எஸ்எஃப் (ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதல்) பக்கம். இந்தியாவில் 9 எம்எம் தடைசெய்யப்பட்ட அளவு என்பதால் ஷேடோ எங்களுக்குக் கைக்கு எட்டாது. சென்டர் ஃபயரில் .32, பெண்கள் 25 மீட்டர் பிஸ்டலில் .22. ஆனாலும் எஃகு, எடை விவாதம் எங்களுக்குள்ளும் அதேதான், எல்லைகள் மட்டும் வேறு.

எங்களுக்கு பிஸ்டலின் எடைக்கே மேல் வரம்பு உண்டு, 1400 கிராம். ட்ரிகருக்குக் கீழ் வரம்பு 1000 கிராம். ஒரு கையால் சுட வேண்டும். துல்லியச் சுற்றில் 5 நிமிடத்துக்கு 5 குண்டு, அப்புறம் வேகச் சுற்றில் இலக்கு 3 நொடி முகம் காட்டி 7 நொடி மறையும். வேகச் சுற்றில் ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து கையை உயர்த்த வேண்டும். அங்கே கனமான பிஸ்டல் தூக்கும்போது தோளைக் கேட்கும், ஆனால் மேலே வந்ததும் நிதானமாக நிற்கும். ஹேமர்லி 208 போன்ற பழைய எஃகு பிஸ்டல்களை இன்றும் பலர் விரும்புவதற்கு அதுவும் காரணம்.

நான் சொல்ல வந்தது மாற்றுப் பிஸ்டல் பற்றி. டோக்கியோ ஒலிம்பிக் 10 மீட்டர் தகுதிச் சுற்றில் மனு பாக்கருக்குப் பிஸ்டலில் கோளாறு வந்து நேரம் போயிற்று. 575 எடுத்து 12ஆம் இடத்தில் நின்றார், இறுதிக்குப் போக முடியவில்லை. மூன்று வருடம் கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலம் எடுத்தார். உலக அளவில் இருப்பவர்களுக்கே இப்படி என்றால், வெண்பா, உங்கள் கிளாக்கை விற்றுவிட வேண்டாம். ஷேடோவில் ஒரு ஸ்பிரிங் போனால் அன்றைய போட்டியை முடிக்க அது வேண்டும்.

சூரிச்_வாசி

எஃகு என்றால் எனக்கு சிக் பி210 தான் நினைவுக்கு வரும். சுவிஸ் ராணுவம் 1949இல் ஏற்றுக்கொண்டது. ஸ்லைடு உள்ளே ஓடும் அமைப்பு அதிலும் உண்டு, சி.இசட். 75க்கு முன்பே. 50 மீட்டருக்குச் சுட்ட சோதனை இலக்குத் தாளோடு தொழிற்சாலையிலிருந்து வந்த பிஸ்டல் அது. குழு (தாளில் குண்டுத் துளைகள் விழும் பரப்பு) சிறியதாக வேண்டுமென்றால் அதை மிஞ்ச ஆளில்லை என்பேன்.

ஆனால் வெண்பா கேட்டது போட்டி. பி210இல் எட்டு குண்டுதான். பழைய மாடல்களில் மேகசினை விடுவிக்கும் கொக்கி பிடியின் அடியில் இருக்கும். மேகசின் மாற்றும் போட்டிக்கு அது ஆகாது. துல்லியத்தை மட்டும் பார்த்துப் போட்டிப் பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொன்னேன். 25 மீட்டரில் நல்ல குழு போடும் எந்த பிஸ்டலும் ஐபிஎஸ்சிக்குப் போதும். ஏ மண்டலத்தின் அகலமே 15 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது.

வெண்பா

நிலா, உங்கள் சோதனையை இன்று செய்து பார்த்தேன். விரலின் சதைப்பகுதி சரியாக உட்காரவில்லை. நுனிக்கும் நடுவுக்கும் இடையில் நிற்கிறது. கை கொஞ்சம் நகரத்தான் செய்கிறது, ஆனால் முதலில் நினைத்த அளவுக்கு இல்லை. மெதுவாக இழுக்கும்போது முன் சைட் அசையவில்லை. வேகமாக இழுத்தால் இடப்பக்கம் கொஞ்சம் போகிறது.

உடனே அதே இடத்திலிருந்து குண்டோடும் பார்த்தேன். பத்து மீட்டரில் உறையிலிருந்து எடுத்து ஒரு குண்டு, அதை மட்டும் திரும்பத் திரும்ப. முதல் குண்டுகள் பெரும்பாலும் ஏ-க்குள் விழுந்தன, விழாதவை எல்லாமே இடப்பக்கம் சி. அப்புறம் ஜோடியாகச் சுட்டேன். என் கிளாக்கில் 0.27 வாக்கில் இருந்த இடைவெளி ஷேடோவில் 0.22, 0.23 என்று வந்தது. இரண்டாவது குண்டு முதல் குண்டுக்குப் பக்கத்திலேயே.

மாறன் சொன்னபடி அகலமாக மூன்று இலக்கு வைத்தும் பார்த்தேன். தாண்டிப் போகத்தான் செய்கிறது. கிளாக்கில் அப்படி இல்லை. கருவேலன் அண்ணா சொன்னபடி கண்ணை முதலில் அனுப்பிப் பார்த்தபோது குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பயமாக இருக்கிறது. குண்டேற்றிய பிறகு ஹேமரைக் கையால் இறக்குவது. அதற்கு இதில் தனி நெம்புகோல் கிடையாது என்கிறார் விற்பவர்.

கருவேலன்

இடப்பக்கம் போகும் அளவு அவ்வளவுதான் என்றால் அது பழக்கத்தால் சரியாகும். எட்டாத கை என்றால் மெதுவாக இழுக்கும்போதே சைட் நகர்ந்திருக்கும். உங்கள் விஷயத்தில் கை எட்டுகிறது, கொஞ்சம் இறுக்கமாக எட்டுகிறது. நிலா சொன்ன ட்ரிகர் மாற்றம் உங்களுக்குப் பெரிய உதவியாயிருக்கும்.

ஹேமர் இறக்குவது பற்றி. பயம் இருப்பது நல்லது, அந்தப் பயத்தோடேயே செய்யுங்கள். ஷேடோ 2இல் ஃபயரிங் பின்னைத் தடுக்கும் பூட்டு கிடையாது. ட்ரிகர் மென்மையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஐபிஎஸ்சி விதிப்படி ஹேமர் முழுதாகக் கீழே இருக்க வேண்டும். பாதியில் நிற்கும் நிலை ஏற்கப்படாது. முழுதாக இறக்க வேண்டுமானால் இறங்கி முடியும்வரை ட்ரிகரை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். நடுவில் விட்டால் பாதியில் மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஹேமர் கைநழுவினால் குண்டு போகும். போனால் போட்டியிலிருந்து நீக்கம். அன்றைக்கு அவ்வளவுதான்.

அதனால் இடக்கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஹேமரின் இரு பக்கத்தையும் கிள்ளிப் பிடியுங்கள். மேலே கட்டைவிரலை மட்டும் வைத்து இறக்கும் பழக்கம் வேண்டாம், வியர்த்தால் வழுக்கும். குழல் குண்டு மேட்டின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அவசரம் கூடாது. "மேக் ரெடி" (குண்டேற்றித் தயாராகுங்கள்) என்று சொன்ன பிறகு உங்களுக்கு வேண்டிய நேரம் உண்டு, ரேஞ்ச் ஆபீசர் காத்திருப்பார். வீட்டில் டம்மி குண்டோடு பழகுங்கள். கை தானாகவே செய்யும் வரை உண்மைக் குண்டோடு போட்டியில் செய்ய வேண்டாம்.

மாறன்_பெர்த்

இறக்கும்போது மற்றக் கையின் விரல் ஸ்லைடுக்கும் ஹேமருக்கும் இடையில் ஒரு தடுப்பு போல இருக்கும்படி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கும். நழுவினாலும் விரல்தான் நசுங்கும், குண்டு போகாது. ஹேமர் மெதுவாகத் தொட்டதும் விரலை எடுத்துக்கொள்ளலாம்.

செந்தில்_டாலஸ்

வெண்பா, குண்டு நீங்களே ரீலோட் செய்கிறீர்களா (சுட்ட தோட்டாக் கூட்டில் பவுடரும் புல்லட்டும் வைத்துத் தயாரிக்கிறீர்களா)? அப்படியானால் ஒன்று கட்டாயம் பாருங்கள்.

சி.இசட். குழல்களில் அறைக்கு (குண்டு உட்காரும் இடத்துக்கு) அடுத்து ரைஃப்ளிங் (குழலின் உட்புறச் சுருள் வரிகள்) தொடங்கும் இடம் மிகக் கிட்டத்தில் இருக்கும். கிளாக்கில் தாராளமாக ஏறின குண்டு இதில் ஏறாமல் போகலாம். குறிப்பாகத் தட்டை முனை, அகலத் தோள் உள்ள புல்லட்கள், அதாவது குண்டின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி. குழலைக் கழற்றிக் கையில் எடுத்து, வாயைக் கீழே பிடித்து, குண்டை அறைக்குள் விடுங்கள். "டக்" என்று தானாக உட்கார வேண்டும். விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். குழலைத் தலைகீழாகப் பிடித்தால் தானாக வெளியே விழ வேண்டும். ஒட்டிக்கொண்டாலோ சுற்றாமல் நின்றாலோ புல்லட் ரைஃப்ளிங்கைத் தொடுகிறது. அந்தக் குண்டின் மொத்த நீளத்தைக் குறைக்க வேண்டும்.

நீளத்தைக் குறைத்தால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் கூடும். பழைய பவுடர் அளவை அப்படியே வைத்துக்கொண்டு புல்லட்டை மட்டும் ஆழமாக அமுக்கிவிடக் கூடாது. பவுடரைக் குறைத்து, குரோனோ என்ற வேகமானியில் வேகம் பார்த்து மேலே வாருங்கள். 125க்குக் கீழே போகாமல் 130 வாக்கில் நிற்கட்டும். போட்டியில் குரோனோவில் 125 வராவிட்டால் புள்ளியே கிடையாது.

வெண்பா

ரீலோட் செய்கிறேன். 147 கிரெயின், பூச்சுப் பூசிய ஈயம், தட்டை முனை. என் இப்போதைய குண்டு சிலவற்றைக் குழலில் போட்டுப் பார்த்தேன். சரியாக ஒட்டிக்கொண்டு நின்றது, சுற்றவில்லை. இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் வாங்கின முதல் வாரமே திணறியிருப்பேன். நன்றி செந்தில்.

விற்பவரிடம் ஸ்பிரிங் பற்றிக் கேட்டேன். ரீகாயில் ஸ்பிரிங் எப்போது மாற்றினார், ஸ்லைடு ஸ்டாப் எப்போது மாற்றினார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஹேமர் ஸ்பிரிங் மாற்றியது. எடை தொங்கவிட்டுப் பார்த்தோம், 2.27 கிலோவுக்கு மேலே தாராளமாக நின்றது. ட்ரிகர் தொழிற்சாலையில் வந்ததுதான்.

வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். கொள்முதல் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அனுமதி வரும்வரை பிஸ்டல் அவர் பெட்டகத்திலேயே இருக்கும். கிளாக்கை விற்கவில்லை, பாரதி.

கடைசியாக ஒரு கேள்வி. அவர் உறையையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார், ஆனால் அது எஸ்பி-01 என்ற வேறொரு சி.இசட். மாடலுக்கு வாங்கினது என்கிறார். மேகசின்களும் அப்படித்தான். சரிப்படுமா?

கருவேலன்

மேகசின் சரிப்படும். எஸ்பி-01, சி.இசட். 75 மேகசின்கள் ஷேடோ 2இல் போகும். ஒவ்வொன்றையும் நிரப்பிச் சுட்டுப் பார்த்து, நல்லவற்றுக்கு அடியில் எண் எழுதி வையுங்கள். ஏதாவது சிக்கினால் எந்த மேகசின் என்று உடனே தெரியும்.

உறையைப் பற்றி: அதை நம்ப வேண்டாம். ஷேடோ 2இன் முன்பக்க ஃப்ரேம் வடிவம் வேறு. எஸ்பி-01 உறையில் இறுக்கமாக நுழைந்து சில இடத்தில் மாட்டும், சில உறையில் நுழையவே நுழையாது. ஷேடோ 2க்கென்று செய்ததை வாங்குங்கள். ட்ரிகர் முழுதாக மூடியிருக்க வேண்டும். எடை கூடியபடியால் பெல்ட்டும் விறைப்பானதாக வேண்டும். மெல்லிய பெல்ட்டில் உறை சாய்ந்து நிற்கும், எடுக்கும்போது உறையும் சேர்ந்து மேலே வரும்.

நிலா_ஆக்லாந்து

அக்கா, உறை வாங்கும்போது உயரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கக்கூடிய தொங்கல் உள்ளதாகப் பாருங்கள். இடுப்பு உயரமான நமக்கு ஷேடோ போன்ற நீளமான பிஸ்டலை நேராக மேலே இழுக்கும்போது முழங்கை தோளுக்கு ஏறிவிடும். ப்ரொடக்‌ஷன் உட்பட ஐபிஎஸ்சி விதியில் பெண்களுக்கு உறை உயரத்தில் கொஞ்சம் சலுகை இருக்கிறது, உங்கள் கிளப் ரேஞ்ச் ஆபீசரிடம் கேட்டு அளந்து வாங்குங்கள். ட்ரிகர் மாற்றம் முடிந்ததும் அந்த இடப்பக்கம் என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.

வெண்பா

கட்டாயம் எழுதுகிறேன் நிலா. அனுமதி வந்ததும் முதலில் உறை, அப்புறம்தான் ட்ரிகர். அதுவரை 147 கிரெயின் குண்டின் நீளத்தைச் சரிசெய்து குரோனோவில் பார்க்கப் போகிறேன். விற்பவர் அதற்குத் தன் குழலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.